ரமலான் பகலில் ஒரு குவளைத் தண்ணீர்

பண்ணைக் கொட்டகையில் தங்கியிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

யார் யார் நோன்புன்னு பிடிக்க, நோன்பைத் தடை பண்ணின கட்சியோட தோழர் எர்கஷேவ் கண் முன்னால நேத்து பருத்திக்காட்டுல நீங்கதானே எங்க அம்மா வரிசையில எல்லாருக்கும் தண்ணிக் குவளையை நீட்டினீங்க? எங்க அம்மா குடிச்சிட்டு, "மருமகன் கையாலயே என் நோன்பு போச்சுடி"ன்னு அழுதாங்க. இனி உங்க மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன்.

அப்புறம்தான் நீங்க துவைக்க அனுப்பின மேலங்கியை எடுத்தேன். மதியத்துக்கு நான் கட்டித் தந்த ரொட்டியெல்லாம் அதோட பையில அப்படியே காய்ஞ்சு கிடக்கு.

பாவி மனுஷா, என்கிட்டகூடவா மறைச்சீங்க?

நாளைக்கு எங்க வரிசைக்குத் தண்ணி வரும். நான் மாட்டேன்னா, "எங்கே, நீ குடிச்சுக் காட்டு"ன்னு அந்த எர்கஷேவ் உங்க பக்கம் திரும்புவான். அதனால கை நடுங்காம நீட்டுங்க. நான் குடிச்சிடறேன். நம்ம வீட்டுல ஒருத்தர் நோன்பாவது நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உங்க பெண்டாட்டி