ஐந்து தவளையும் ஒரு போத்தல் தீர்த்தமும்

2025 நவம்பர் 16, ஞாயிறு, காலை 9.10, டொலார்ட், மொன்ட்ரியால். எண்ணிக்கை: ஐந்து.

அன்பு மகள் ஷெரோனுக்கு,

நீ வன்கூவரில் சுகமாக இருக்கிறாய் என்று அம்மா சொன்னாள், நம்புகிறேன். இங்கே டொலார்டில் நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் பனி வருமுன் நோகிறது, என் முதுகு பனி அள்ளியபின் நோகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சுகமில்லாதது பேஸ்மென்டில் நீ விட்டுப்போன கண்ணாடிப் பெட்டி. நீ விட்டுப்போனது ஆறு நீலத் தவளை. இன்று காலை டோர்ச் பிடித்து மூன்று தரம் எண்ணினேன், ஐந்து. போன ஞாயிறு நீ போனில் கேட்டபோது ஆறும் சுகம் என்றேன், அது எண்ணிச் சொன்னதல்ல. அதனால்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் வந்து சேராது. அம்மா பூசைக்குப் போய்விட்டாள், வீடு அமைதியாக இருக்கிறது.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓகஸ்ட்டில் விமானம் ஏறுமுன் பதினொரு பக்கத்தில் அறிவுறுத்தல் எழுதி என் கையில் தந்தாய். நான் புவாண்ட்-கிளேரில் லொறி நுழையும் அளவு குளிரறைகளை இரண்டு பக்க வரைபடத்தோடு ஓடவைக்கிறவன், பெருவிரல் அளவுத் தவளைக்குப் பதினொரு பக்கமா என்று சிரித்தேன். அடியில் களிமண் உருண்டை, அதன்மேல் வலை, வலைமேல் மண், மண்மேல் சருகு, சருகுமேல் பாசி. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரனும் சருகைக் கூட்டிப் பையில் கட்டித் தெருவில் வைக்கிறான், நீ மட்டும் கடையில் வாங்கி வந்து வீட்டுக்குள் பரப்பினாய். மண்ணுக்குள் அரிசிக் குறுணியைவிடச் சின்னதாய்த் துள்ளுகிற வெள்ளைப் பூச்சிகள், தவளையின் எச்சத்தையும் பூஞ்சணத்தையும் அவை தின்னும், பெட்டியை யாரும் கழுவத் தேவையில்லை என்றாய். தன் அறையைக் கூட்டாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு அமையாது என்று அம்மாவிடம் சொன்னேன். பெயர் நஞ்சுத் தவளை, ஆனால் காட்டில் கிடைக்கிற இரை இல்லாததால் வீட்டில் வளர்கிறதற்கு நஞ்சே கிடையாதாம், எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் மாதிரி நிறம் மட்டும்தான். சாப்பாடு இறக்கையில்லாத பழ ஈ, அதையும் கல்சியம் தூளில் பிரட்டிப் போடவேண்டும். ஒருநாள் ஈ வளர்க்கிற போத்தல் கவிழ்ந்து அவ்வளவும் படியேறிக் குசினிக்குப் போனது, அம்மா சொதிச் சட்டியை மூடிவிட்டு, இஞ்சருங்கோ, உங்கட விருந்தாளியளுக்கு மீன் பொரியலும் வேணுமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ என்று மேலேயிருந்து கத்தினாள்.

ஒக்டோபர் கடைசிவரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு சருகின்மேல் பஞ்சுபோலப் பூஞ்சணம் பிடித்தது, பாசி மண்ணிறமானது, மெல்லக் கூவிக்கொண்டிருந்த ஆண் தவளை வாயை மூடியது. பூஞ்சணம் என்றால் காற்றோட்டம் குறைவு, எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. உன் பக்கங்களைத் திறக்காமலே பழைய கணினி ஒன்றின் காற்றாடியைக் கழற்றி மூடியில் பூட்டினேன். பூஞ்சணம் அசையவில்லை, பெட்டி காய்ந்தது, தவளைகள் இலைக்கடியில் போய் ஒளிந்தன. அந்த ஞாயிறுதான் நீ கேட்டாய். என் கண்ணில் பட்டது இரண்டு, மிச்சம் நித்திரை என்று நானே தீர்ப்புச் சொல்லி ஆறு என்றேன்.

வெள்ளிக்கிழமை ஹென்றி அண்ணைக்கு, நீ தவளை வாங்கிய அந்த மொன்ட்ரியால்-நோர் மனிதருக்கு, படம் அனுப்பினேன். அவர் ஒன்றுதான் கேட்டார், தம்பி, தண்ணியை அளந்தனியோ? இருபது வருடம் கருவி பிடிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே நேற்று, தண்ணீர் தெளிக்கிற இயந்திரத்தின் தொட்டிக்குள், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற கருவியை விட்டேன். பத்துக்குக் கீழே நிற்கவேண்டும் என்று உன் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. 1,840 காட்டியது. பற்றரி பிழை என்று மாற்றினேன், 1,843. விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன், உப்பு.

தவளைகளுக்குத் தெளிக்க நான் வாங்குகிற காய்ச்சி வடித்த தண்ணீரின் நாலு லீற்றர் போத்தல்கள் வெறுமையானபின் எங்கள் வீட்டில் எறியப்படுவதில்லை, உனக்குத் தெரியும். அப்படி ஒன்றை அம்மா போன மாதம் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய், சுவாமியைக் கொண்டு உப்புப் போட்டு மந்திரித்துத் தீர்த்தம் நிரப்பி வந்திருக்கிறாள். உப்புப் போடாவிட்டால் அவளுக்கு அது தீர்த்தமே இல்லை. குசினித் தட்டில் இடமில்லை என்று என் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நான் அதைத் தூக்கித் தொட்டிக்குள் ஊற்றி, மூன்று கிழமையாக, நாளுக்கு நான்கு தரம், உன் தவளைகளுக்குத் தெளித்திருக்கிறேன். எழுதி வைக்கக்கூடாதா என்று கத்தினேன். மூடியில சிலுவை கீறி வச்சனான், கண் தெரியேல்லையோ என்றாள். வெறும் போத்தல் இன்னும் தட்டில்தான் இருந்தது, பார்த்தேன், மூடி நிறைய நீல மையில் சிலுவை. வேலையிடத்தில் லேபல் வாசிக்காதவனை முட்டாள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவன் நான். அம்மா அதோடு விடவில்லை, பத்து வருசமா உங்களைக் கோயில் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகேலாமல் கிடக்கு, தவளையளாவது ஞானஸ்நானம் எடுத்திட்டுதுகள், நல்ல பேராப் பாத்து வையுங்கோ என்றாள். சொல்லிவிட்டுப் படியில் குந்தி அழுதாள்.

இன்று விடிய, எல்லாவற்றையும் பிடித்து ஈரக் காகிதம் விரித்த பெட்டிகளுக்கு மாற்றினேன். ஐந்துதான் கிடைத்தது. மூன்று உடனே ஈயைப் பிடித்தன, இரண்டு இன்னும் யோசிக்கின்றன. காணாதது முதுகில் ஏழு புள்ளி உள்ளது, நீ முதன்முதல் வாங்கியது. செத்த தவளையை அந்தப் பூச்சிகள் மிச்சமில்லாமல் தின்றுவிடும் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் என் உப்பில் பூச்சிகளும் செத்துப்போயின, பூஞ்சணம் பிடித்ததே அதனால்தான். தின்ன ஆளில்லை என்றால் உடல் கிடக்கவேண்டும், குறைந்தது மணக்கவாவது வேண்டும், இரண்டும் இல்லை. ஆகவே மண்ணுக்குள் உயிரோடு ஒடுங்கிக் கிடக்கலாம். இதை ஆறுதலாக எழுதவில்லை, தர்க்கமாக எழுதுகிறேன், போன கிழமை காற்றாடி பூட்டியபோதும் என் தர்க்கம் எனக்கு இவ்வளவு சரியாகத்தான் பட்டது.

அம்மா பூசைக்குப் போகுமுன் ஒரு வழி சொன்னாள், ஹென்றி அண்ணையிட்ட ஒண்டு வாங்கி விடுங்கோ, நீலம் நீலம்தானே, பிள்ளைக்கு ஏன் படிக்கிற நேரத்தில கவலை. நீ புள்ளி எண்ணுகிறவள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் பத்து நிமிடம் யோசித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். இன்னும் மண்ணைக் கிளறவில்லை. கிளறிவிட்டு எழுதினால், வந்த முடிவுக்கேற்றபடி கதையைத் திருத்த மனம் வரும்.

நீ என்னைத் திட்டலாம், எழுத்தில் திட்டு, பதினொரு பக்கத்துக்கு மேல் போகாமல். கர்த்தர் உன்னைக் காக்கட்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள், அவளுடைய ஆசீர்வாதம் இது. என்னுடையது, உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, அந்த மழை ஊரில் ஓட்டைச் சப்பாத்தோடு திரியாதே. டிசம்பர் டிக்கெட்டை இந்தக் கிழமையே போடு, பிந்தினால் விலை ஏறும் என்று மூன்றாம் தரம் சொல்கிறேன்.

உன் அப்பா,
நிஷான்

இன்று செய்யப்போவது:

1. காற்றாடியைக் கழற்றுவேன்.
2. பாசியையும் மண்ணையும் தேக்கரண்டி தேக்கரண்டியாக எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி, தவளை இல்லை என்று கண்டபின்தான் கொட்டுவேன். அவசரப்படமாட்டேன், இது எனக்கு நானே எழுதுவது.
3. அடியில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சி எடுத்து, களிமண் உருண்டைகளை நல்ல தண்ணீரில் அலசுவேன், கருவி பத்துக்குக் கீழே இறங்கும்வரை.
4. இரண்டு மணிக்கு ஹென்றி அண்ணையிடம் போய்ப் புதுச் சருகும் பூச்சியும் எடுத்துவருவேன், அவர் சொல்வதை வாய் திறக்காமல் கேட்பேன்.
5. ஆறு மணிக்கு, உனக்கு மூன்று மணி, எண்ணிக்கை அனுப்புவேன். ஏழு புள்ளிக்காரி உயிரோடு இருந்தால் படம் வரும். செத்திருந்தாலும் படம் வரும்.