நீலப் பட்டனுக்குப் பின்னால்

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பிக்கும் இணையதளம் சோதனைக்கு வந்துவிட்டது. ஆளுக்குப் பதிலாகப் பிரவுசரை ஓட்டிப் பார்க்கும் என் ஸ்கிரிப்ட், பெயரை நிரப்புகிறது, படிப்பை நிரப்புகிறது. சான்றிதழை ஏற்றும் இடம் வந்ததும் அடம்பிடித்து நின்றுவிடுகிறது. நீலப் பட்டனை அழுத்தினால் ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் ஜன்னல் திறக்கிறது. அது பிரவுசருடையது இல்லை, கம்ப்யூட்டருடையது. ஸ்கிரிப்டின் கை அதுவரை எட்டாது.

மார்ச் 4

நீலப் பட்டன் பட்டனே இல்லை! கலர் அடித்த வெறும் பெட்டி. ஃபைலை உண்மையில் வாங்கிக்கொள்ளும் புலத்தை, அதாவது படிவத்தின் கட்டத்தை, பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இல்லையாம். அதை அழுத்தச் சொன்னால், கண்ணுக்குத் தெரியாததை அழுத்த முடியாது என்று பிழை காட்டுகிறது. நியாயம்தான். அழுத்தாமல், ஃபைல் இருக்கும் இடத்தை நேராக அதனிடமே சொல்லிவிட்டால்?

மார்ச் 5

சொன்னேன். வாங்கிக்கொண்டது! ஜன்னலே திறக்கவில்லை. எல்லாம் பச்சை, சோதனை பாஸ். பக்கத்தை எழுதிய டெவலப்பர் — வேகத்துக்காக அவரை மின்னல் என்றுதான் கூப்பிடுவோம் — சிரித்தார். “கொல்லைப்புறமா பூந்துட்டீங்களே மேடம்!”

மார்ச் 9

தளம் வெளியானது. நாத்தனாரிடம் சொன்னேன். பிசியோதெரபி படித்தவள். கண் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்வதைக் கேட்டே எல்லாம் செய்வாள். இப்போதிருக்கும் கிளினிக்கில் போன் எடுக்கத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். “நானே போடறேன் அண்ணி” என்றாள்.

மார்ச் 10

அவளிடமிருந்து போன்.

“அண்ணி, சான்றிதழ் ஏத்துற பட்டனக் காணோமே.”

“இருக்கே, பெருசா, நீலக் கலர்ல.”

கீபோர்டில் டேப் பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது.

“கலர் எனக்கெதுக்கு அண்ணி? டேப் தட்டினா படிப்புக்கு அப்புறம் நேரா சமர்ப்பிக்கற இடத்துக்குத் தாவுது. நடுவுல ஒண்ணுமே சொல்லல.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் போட்டுத் தரட்டுமா என்றேன்.

“வேணாம். வேலை கெடச்சா அங்கயும் நீங்களா வந்து போட்டுத் தருவீங்க?”

விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். சோதனை பச்சை என்று காட்டியதே! ஸ்கிரிப்ட் போன வழியில் மனிதர்கள் யாருமே போக முடியாதே — அப்படியானால் நான் எதைத்தான் சோதித்தேன்?

மார்ச் 11

இரண்டாவது சோதனை எழுதினேன். மவுஸ் கிடையாது. நாத்தனார் மாதிரி டேபும் என்டரும் மட்டும். சிவப்பு. அப்பாடா, கோளாறு பிடிபட்டது.

மின்னலிடம் காட்டினேன். “பழைய டெஸ்ட் பாஸ்தானே, விடுங்க மேடம்.” அவருடைய மவுசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். “இப்ப ஏத்துங்க.”

டேப், டேப், டேப். திருதிருவென்று முழித்தார்.

“அட, ஆமா!”

அப்புறம் என்னைக் கவனிக்கவே இல்லை. “அழகும் கெடக் கூடாது, டேபுக்கும் மாட்டணும்... எப்படி?” என்று தனக்குத்தானே பேச ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 12

புலத்தை ஒளிக்காமல், கண்ணாடி மாதிரி நிறமற்றதாக்கி நீலப் பெட்டியின் மேலேயே விரித்துவிட்டார். கண்ணுக்கு நீலம், டேபுக்குப் புலம். இரண்டு சோதனையும் பச்சை. மதியமே மாற்றத்தை வெளியிட்டோம்.

சாயங்காலம் போன். “பேசுது அண்ணி! ஃபைலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுது!”

மார்ச் 13

அவளுடைய விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று எட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. அது என் வேலை இல்லை. பார்க்கவில்லை.

மார்ச் 23

மின்னல் என் மேஜைக்கு வந்தார். மற்ற பக்கங்களிலும் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ என்று அவருக்குக் குடைகிறதாம். “உங்க நாத்தனார் புதன்கிழமை கொஞ்ச நேரம் வந்து பார்த்துச் சொல்லுவாங்களா?”

போன் போட்டுக் கேட்டேன்.

“வர்றேன் அண்ணி. ஆனா புதன் வேணாம், வியாழன் வெச்சுக்கலாம். புதன்கிழமை எனக்கு ஆஸ்பத்திரில இன்டர்வியூ.”