நட்டம் என்று சொல்லாத வாய்

எசன் நகரம்

அன்புள்ள அஞ்சலா,

நிராகரித்த என் அகதி மனுவை நேற்று நீதிமன்றத்தில் மறுபடி விசாரித்தார்கள். பயப்படாதே, சாப்பிட்டுத்தான் போனேன். நீயும் பிள்ளைகளும் சுகமா?

"வியாபாரம் நன்றாகப் போனது என்று முதல் விசாரணையில் சொன்னீர்களே. பிறகு கப்பம் கேட்டுக் கடையை உடைத்தார்கள் என்றால் எப்படி நம்புவது?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"அம்மா, கருவாட்டுக் கடைக்காரன் நட்டம் எண்டு வாய் திறப்பானோ? பிறகு ஆர் கடனுக்குச் சரக்குத் தருவினம்?" என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லக் கேட்டுச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

கருவாட்டு வாடையோடு வந்தால் கிணற்றடிக்குத் துரத்துவாயே! இங்கே துரத்த ஆளில்லை. கட்டாக் கருவாடு கொஞ்சம் அனுப்பு. வாசம் வராமல் கட்டு.

வேலைக்கு நேரமாகிறது. தீர்ப்பு தபாலில் வரும். நாம் பேசிய பேச்சுத்தான்: வென்றால் கடைத் தராசை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு வா, தோற்றால் அதற்கு எண்ணெய் பூசி வை, நான் திரும்பி வந்ததும் வேறு ஊரில் கடை போடுவோம்.

உன் றெஜினோல்ட்