வேனில் ஏறாமல் நின்ற காலை

தாயில்பட்டி
புதன்கிழமை

அன்பு மகன் அன்பரசனுக்கு அம்மா எழுதுவது. கடல் தாண்டி நீ நல்லபடியாக இருந்தால் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. அப்பாவும் சுகம், நானும் சுகம், என் இடது காலைத் தவிர. சித்தி சொல்லிவிட்டாள் என்று போனில் நீ அழுத அழுகையில் என்னைப் பேசவே விடவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

போன வாரம் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேனுக்காகப் பாலத்தடியில் நின்றோம். மெயின்ரோட்டுக் கோழிக்கடைக் கழிவையெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் கொட்டுகிறார்கள், அதற்குப் பத்துப் பதினைந்து நாய்கள். பக்கத்து வீட்டுப் பொன்மணி மறந்துவிட்டு வந்த தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அவளுடைய ஐந்து வயது மகள் ஓடிவந்தாள். ஒரு நாய் பாய்ந்து பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துவிட்டது. என் கையிலிருந்த சட்டியால் ஓங்கி ஒன்று வைத்தேன். அது பிள்ளையை விட்டுவிட்டு என் கெண்டைக்காலைக் கவ்வியது. அந்த வழியாக வந்த பெத்தணன் அண்ணன் கடிவாயில் சுண்ணாம்பு தடவச் சொன்னார், நான் கேட்கவில்லை. குழாயடியில் வைத்து இரண்டு பேருக்கும் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீயும் இதை ஞாபகம் வைத்துக்கொள்.

ஊசி வரிசையில் முப்பது பேர் இருந்தார்கள். எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர்களுக்குக் காலில் கடி, பிள்ளைகளுக்கு முகத்திலும் கையிலும், நாய் உயரம்தானே அதுகள். வேனுக்கு நின்றவள், ஆடு மேய்க்கிறவர், பேப்பர் போடுகிறவர், வீட்டில் கக்கூஸ் இல்லாமல் ஓடைப்பக்கம் போனவள். காரில் வந்து இறங்கியவர் ஒருவர்கூட இல்லை. நர்ஸ் ஹெப்சிபாவிடம் கேட்டதற்கு, தினமும் இதே மாதிரி ஆளுகதான்க்கா வாராக என்றது. பிள்ளையின் கன்னத்தில் காயத்தைச் சுற்றி ஊசி போட்டபோது அது கதறிய கதறலில் என் வலி எனக்குத் தெரியவில்லை, கோபம்தான் வந்தது.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். கழிவை அள்ளச் சொல்லி ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்திருக்கிறோம். அங்கிருந்தவர், கையில ஒரு கம்பு வச்சுக்கிட்டுப் போங்க என்றார். கம்பை நாங்க வச்சுக்கிடுதோம், கழிவை நீங்க வச்சுக்கிடுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மறுநாள் புதன்கிழமை வேன் வந்தது, முதலில் கழிவை அள்ளட்டும் என்று சொல்லி நான் ஏறவில்லை. பொன்மணியும் ஏறவில்லை. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தியாக இருபத்திரண்டு பேரும் நின்றுவிட்டோம். சூப்பர்வைசர் ராஜபாண்டியன் போனில் கத்தினார், சீசன் நேரத்துல லோடு நிக்குது, வேற ஆளு எடுத்துருவோம் என்று. வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான். ஆனாலும், எடுங்க, அவுகளும் இங்கனதான நிக்கணும், அவுகளையும்தான் கடிக்கும் என்றேன். வேன் காலியாகப் போனது. முதலாளி யாரிடம் பேசினாரோ, மனுவுக்கு வராத ஜேசிபி மதியத்துக்குள் வந்து அம்புட்டையும் அள்ளிவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு ஆப்சென்ட் போட்டார்கள், போடட்டும். நாய்களுக்கு ஊசி போட ஆள் அனுப்புவதாகப் பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறார்கள். வரவில்லையென்றால் மறுபடியும் நிற்போம்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்கிறாய். மாட்டேனப்பா. கடித்ததற்குப் பயந்து நான் உள்ளே உட்கார்ந்தால் நாளைக்கு அங்கே நிற்கிறவளுக்கு யார் பேசுவது? பிள்ளைக்குக் கன்னத்தில் தழும்பு நிற்குமாம். நேற்றுப் பள்ளிக்கூடம் போகும்போது முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் அதை அவிழ்த்துவிட்டு, மூஞ்சிய மறைக்க வேண்டியவுக நாம இல்லத்தா, நிமிந்து போ என்றேன். போனாள்.

இருக்கன்குடி மாரியம்மன் உனக்கு என்றும் துணையிருப்பாள், நோய் நொடி அண்டாமல் நன்றாக இரு. மூன்று ஊசி முடிந்தது, கடைசி ஊசிக்கும் தவறாமல் போவேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அழாமல் பேசு. பத்து மணிக்கு மேல் பண்ணு, அதற்கு முன்னால் பாலத்தடியில் எங்களுக்குக் கூட்டம் இருக்கிறது.

இப்படிக்கு
உன் அம்மா
மாரித்தாய்