பால்கனிக் கதவில் ஒட்டிய டேப்

அதெலின்,

தூங்கட்டும் என்று எழுப்பவில்லை. பூசை முடிந்து, ரொட்டி வாங்கிக்கொண்டு பதினொன்றுக்குள் வருவேன். சூப் அடுப்பில், காபி பிளாஸ்க்கில்.

பத்து மணிக்குக் கடிகாரப் பட்டறை மெர்மோ அளவுகோலோடு வருவார். சாவி அவரிடம் இருக்கிறது, நீ எழுந்து போக வேண்டாம். சாப்பாட்டறையில் நிற்கும் பழைய கடைசல் லேத்தின் அடிப்பாளத்தை ஒன்பது வாரம் கையால் சுரண்டிச் சமப்படுத்தினேன். அது சரியா என்று இன்று தெரியும். அறை இருபது டிகிரியிலேயே இருக்க வேண்டும். அதனால் பால்கனிக் கதவில் ஒட்டிய டேப்பைத் தொடாதே. பனிக்காற்று பட்டால் இரும்பு சுருங்கி அளவு மாறிவிடும்.

நேற்று நீ கேட்டாயே: "இரும்புக்குச் சளி பிடிக்கும்னு என்னை அடைச்சு வெப்பீங்களா? முட்டி ஆபரேஷனுக்கப்புறம் எனக்கு இருக்கிற ஒரே வெளி அந்த பால்கனிதானே?" நான் உடனே ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். அது பக்தி இல்லை, நழுவல்.

– ஃபிர்மென்

ஷூ மாட்டும்போதுதான் பார்த்தேன். பால்கனிக் கண்ணாடியில் உன் நெற்றி பதிந்த தடங்கள், ஏழெட்டு இருக்கும். இத்தனை வாரம் இரும்பின்மேல் மேடு காட்டும் நீல மைப் புள்ளிகளைத் தேடிய கண்ணில் இவை படவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

டேப்பைப் பற்றி மேலே எழுதியதை விட்டுவிடு. உரித்துவிட்டேன். கதவு திறந்திருக்கிறது. நாற்காலி வெளியே, கம்பளி அதன்மேல்.

"அந்த ஆளுக்குப் புத்தி இருக்கா?" என்று மெர்மோ கத்துவார். "இன்னிக்குத்தான் வந்துச்சு"ன்னு சொல்லு. ஃபிரிட்ஜில் இருக்கும் கிரீம் கேக்கில் பெரிய துண்டை அவருக்குக் கொடு. வேறொரு நாள் அளக்கட்டும்.

கண்ணாடியை நீ துடைக்காதே. நான் வந்து துடைக்கிறேன்.