இரவல் சாட்சி

கொடைக்கானல்,
19.3.1984

கர்த்தருக்குள் பிரியமான அருள்மணிக்கு,

அன்னபாக்கியம் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரர் பவுல்ராஜும் சுகம். பள்ளிக்கூட மெஸ்ஸில் அவருக்குச் சமையல் வேலை கூடுதல். குளிர் இன்னும் விடவில்லை.

உன் கடிதம் வந்தது. பாளையங்கோட்டை விடுதியில் அறுபது பிள்ளைகளுக்கு வார்டனாக இருக்கிறாய், எந்நேரமும் ஸ்தோத்திரமும் பாட்டும்தான் என்று எழுதியிருந்தாய். மே மாதக் கன்வென்ஷன் ஜெபக் கூட்டங்களுக்கு இங்கே வருவதாகவும் இருந்தது. வாசித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாம் வடகவுஞ்சியில் இருந்தபோது உன் மகன் எபியும் என் மகள் ரூத்தும் மணல்வாரி அம்மையில் ஒரே வாரத்தில் போனார்கள். புதைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும்போது பெரிய சமாதானம் இறங்கியது என்று அடுத்த ஞாயிறே நீ சபை முன்னால் எழுந்து சாட்சி சொன்னாய். நானும் அப்படித்தான் வந்து அடுப்பு மூட்டினேன். எனக்குப் புகைதான் வந்தது. அவளுக்குக் கொடுத்தீரே, எனக்கு ஏன் இல்லை என்று ஆறு வருடமாக ஆண்டவரிடம் சண்டை போடுகிறேன்.

இப்போது நான் செய்ததைக் கேள். லெந்து நோன்பு நாட்களின் முதல் வெள்ளியில் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்ல என் முறை வந்தது. சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உன்னுடையதைச் சொல்லிவிட்டேன். அடுப்பு, சமாதானம், எல்லாமே எனக்கு நடந்ததுபோல. இங்கே உன்னைத் தெரிந்தவர்கள் யாருமில்லையே. எல்லாரும் அழுதார்கள். கன்வென்ஷன் மேடையில் இதையே சொல்லும்படி போதகர் அம்மா கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தக் கூட்டத்தில் காளியாயி என்று ஒருத்தி இருந்தாள். மன்னவனூர்க்காரி, போன தையில் மகனைப் பறிகொடுத்தவள். சபைக்குப் புதிது. அடுத்த வெள்ளி வெள்ளனே பஸ் ஏறி என் வாசலில் வந்து நின்றாள். அந்த ஏழு நாளும் அடுப்பு மூட்டும்போதெல்லாம் காத்திருந்தாளாம்.

"எனக்கு ஒண்ணும் எறங்கலையேக்கா. நான் என்ன பாவம் பண்ணுனேன்?" என்றாள்.

அவளை அடுப்படிக்குக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். அது என் சினேகிதியின் சாட்சி, எனக்கு ஒருநாளும் அப்படி நடக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப நான் மட்டும் இல்லையா?" என்று என் மடியில் சாய்ந்து அழுதாள். ரூத் போன பிறகு அன்றுதான் நானும் வாய்விட்டு அழுதேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட இருவரும் பார்க்கவில்லை.

அவள் போன பிறகு அடுப்பைத் துடைத்தேன். துடைக்கும்போது என்னை அறியாமல் பாடிக்கொண்டிருந்தேன். உன்னுடையதுபோலப் பெரிதில்லை, அருள்மணி. ஆனால் யாரிடமும் இரவல் வாங்காதது.

போதகர் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். முகம் சுண்டிவிட்டது அவர்களுக்கு. மேடை இனி எனக்கு இல்லை.

மே மாதம் வந்தால் நம் வீட்டில்தான் தங்க வேண்டும். எபிக்காக ஒருநாளாவது நீ ஆண்டவரிடம் சண்டை போட்டிருந்தால், அதையும் கொண்டுவா. மேடையில் சொல்ல வேண்டாம். அடுப்படியில் எனக்கும் காளியாயிக்கும் சொன்னால் போதும்.

கர்த்தர் உன்னையும் உன் அறுபது பிள்ளைகளையும் காப்பாராக.

உன் பொறாமைக்காரச் சினேகிதி,
அன்னபாக்கியம்