உன் பெயரில் திறக்காத கம்பனி

என் அன்பான மச்சான் அருளப்பு,

இந்த நியூசிலாந்தில் ஓக்லாந்து விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்த வருடம்தான் நீ போனாய். மங்கரேயில் பாதித் தெரு தண்ணீரில் கிடக்க, உன் சவப்பெட்டியைச் சுற்றுவழியால் கொண்டுபோனோம். எழுத்தறியாத எனக்கு வருடங்கள் இப்படித்தான் நினைவில் நிற்கின்றன. இதையும் நான் சொல்லச் சொல்ல உன் மகள் ரெஜினாதான் எழுதுகிறாள்.

சந்தோஷச் செய்தி கேள். பிளாட் புஷ்ஷில் அவள் இருக்கும் வீட்டைத் தவிர, மங்கரேயில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்குகிறாள். நாம் சரக்கு இறக்கிய ஊரில் உன் மகள் வீட்டுச் சொந்தக்காரி!

ஆனால் அவளுக்கு ஒரு பயம். வாடகை வீட்டால் வழக்கு ஏதும் வந்தால், பிள்ளைகள் இருக்கும் வீடும் போய்விடுமோ? ஒரு கம்பனியைப் பதிந்து அதன் பெயரில் வாங்கினால் தப்பலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மாமா, என்ன செய்வம்?" என்று என்னிடம் வந்து கேட்டாள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என்னிடம், பாரேன்!

நான் உடனே கம்பனிக்குப் பெயரும் வைத்துவிட்டேன்: 'அருளப்பு அன்ட் டோட்டர்'. யாழ்ப்பாணத்துக் கடைப் பலகைகளில் 'அன்ட் சன்ஸ்' என்று மகன்மாருக்கு மட்டும்தானே இடம் இருந்தது?

கணக்காளரிடம் போனோம். வழக்கென்றால் கம்பனி ஓரளவு பாதுகாப்பு. வங்கிக் கடனுக்கோ ரெஜினாவைத்தான் பிணை நிற்கக் கேட்பார்கள் என்றார். ஒற்றை வீட்டுக்கு நல்ல இன்சூரன்ஸ் போதும் என்பது அவர் எண்ணம்.

நான் விடவில்லை. "கொப்பற்ற பேர் இந்த ஊரில நிக்கட்டும், பிள்ளை."

"நிண்டு? கூரை ஒழுகினா ஆக்கள் ஆரைத் திட்டுவினம், மாமா? அப்பாவைத்தானே!"

நாம் நாலு பேரும் முதன்முதல் வாடகைக்கு இருந்த வீடும் ஒரு கம்பனியின் வீடுதானே? மூன்று மாரி ஒழுகியது. யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியாமல், கடித உறையில் இருந்த பெயரை நீ திட்டாத திட்டா? (அந்தத் திட்டுகளை எழுதமாட்டாளாம்.)

"நல்ல இன்சூரன்ஸ் போட்டு என்ர பேரிலயே வாங்கிறன். திட்டுறதெண்டா எனக்கே போன் எடுக்கட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. இப்படி ஒருத்தியை எப்படியடா வளர்த்தாய்?

ஒவ்வொரு மாரிக்கும் முன்னால் நானே போய் அந்தக் கூரையை அண்ணாந்து பார்ப்பேன், இது சத்தியம். ஒழுகல் எங்கே தொடங்கும் என்று நம் நால்வருக்கும் தெரியும். நீ போனாய். உன் ஞானம் போனாள். என் மரியாவும் போய்விட்டாள். மிஞ்சியிருப்பது,

உன் தங்கை புருஷன்,
சவிரிமுத்து